செவ்வாய்க்கிழமை நடை

போன மாதம் எங்கள் முக்குக் கடைத்தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. பிளேடு கம்பெனி என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு வட்டிக் கம்பெனியின் ஜீப். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பெயரைச் சொல்லி, இத்தனை மாதமாகத் தவணை கட்டவில்லை என்று மைக்கில் மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னார்கள். பிறகு போய்விட்டார்கள். வாத்தியார் அன்றைக்கு சாயங்காலம் வரை வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள் வியாபாரிகள் சங்கச் செயலாளர் என்னிடம் வந்தார்.

"வேலப்பண்ணே, பண்டு நீங்க எழுத்தும் ஈடும் இல்லாத கடன எல்லாம் பிரிச்சியளே, அது எப்பிடியாக்கும்? சங்க மலருக்கு எழுதித் தாருங்க."

நான் நாலாம் கிளாஸ் வரை படித்தவன். நீட்டி எழுத வராது. முப்பத்தாறு வருஷம் ஒரு ஜவுளிக்கடைக்குப் பிரிவு நடந்தேன். பிரிவு என்றால் கடன் வசூல். சைக்கிள் கிடையாது. அதியன்னூர் தொடங்கி அம்பூரி மலையடிவாரம் வரை கால்தான். அவ்வளவு நடந்ததில் எழுதும்படியாக இருப்பது ஒன்றுதான். அது நல்லபடியாக முடிந்த காரியம் என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் முக்கு பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே தெரு. தெற்கே லாரி நிற்கும் இடத்தில் தொடங்கி வடக்கே அரிசிக்கடையில் முடியும். கடைகளுக்குப் பின்னால் குளக்கரை ஓரமாக ஒரு வழி உண்டு. கடன் வாங்கித் திருப்ப முடியாதவர்கள் அந்த வழியில்தான் போவார்கள். தெருவில் போனால் கடைக்காரன் பார்ப்பான். பார்த்தால் கேட்பான்.

எங்கள் முதலாளி ஈசுரபிள்ளை. திருவிதாங்கூர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்து, வேலையை விட்டுவிட்டுக் கடை வைத்தவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து போய் நூலால் காதில் கட்டியிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிற நேரத்தைப் பார்த்து எவ்வளவு கோபம் என்று தெரிந்துகொள்வோம்.

முதல் இரண்டு வருஷம் அவர் எனக்குச் சொல்லித் தந்தது கொஞ்சம்தான். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக்கும் போகாதே. போய்விட்டால் கிணற்றடியில் நில். பிள்ளைகள் கேட்கப் பணம் என்ற வார்த்தையைச் சொல்லாதே. "மொதலாளி விசாரிச்சாரு" என்று மட்டும் சொல். அந்த ஒரு சொல்லோடு முப்பத்தாறு வருஷம் ஓட்டினேன்.

ஒருவன் நாலு பேரிடம் கடன்பட்டு மூச்சு முட்டினால் ஈசுரபிள்ளையிடம் வருவான். கோர்ட்டுக்குப் போக யாருக்கும் ஆசை இல்லை. போனாலும் கையெழுத்துப் போட்ட கடுதாசி கிடையாது. எல்லாம் வாய்ச்சொல்லில் கொடுத்த கடன். பிள்ளை கடன் கொடுத்தவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் கடைக்குக் கூப்பிடுவார். கடன்காரனைப் பாயில் உட்கார வைத்து, முந்திரிக்கொட்டை ஒரு கைப்பிடி அவன் முன்னால் கொட்டுவார். ஒரு கொட்டை நாலணா. ஒரு வாரத்தில் எவ்வளவு சம்பாதிப்பாயோ அத்தனை கொட்டையை எண்ணி வை என்பார். பிறகு அவனே பிரித்து வைக்க வேண்டும். அரிசிக்கு இவ்வளவு, எண்ணெய்க்கும் விறகுக்கும் இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு. மீதி இருப்பதுதான் கடனுக்கு. அதை நாலு பேர் முன்னால் பங்கு வைப்பார். குறைந்த தொகை கொடுத்தவருக்கு முதல் கொட்டை. அவருடைய சொந்தப் பங்கு கடைசி. அன்றைக்கு நிற்கிற தொகை நின்றதுதான். அதற்கு மேல் வட்டி கிடையாது. இதற்கு ஒத்துதீர்ப்பு என்று பெயர்.

அதற்குப் பிறகு நடை.

கொட்டையைப் பிரித்தவன் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், சந்தை நாளில், உச்சிக்கு முன்பாகத் தெற்கே லாரி நிற்கும் இடத்திலிருந்து அரிசிக்கடை வரை தெரு வழியாக நடக்க வேண்டும். தலையைக் குனியக் கூடாது. கையில் பணம் இருந்தால் எங்கள் கடையில் என்னிடம் கொடுக்கலாம், நான் பங்கு வைத்துக் கொடுப்பேன். இல்லாவிட்டாலும் நடக்க வேண்டும். நடக்கிறவனை யாரும் நிறுத்தக் கூடாது. கடனைப் பற்றி ஒரு சொல் கேட்கக் கூடாது. கூடவே வேறு பழைய பகை இருந்தாலும் அன்றைக்குப் பேசக் கூடாது. ஒரு செவ்வாய் தவறினால் மன்னிப்பு உண்டு. தொடர்ந்து இரண்டு தவறினால் ஒத்துதீர்ப்பு முறிந்தது. பிறகு அவனவன் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒளிச்சு நடக்கியவன் முதல்ல நம்மட்ட ஒளிப்பான். பெறவு பொண்டாட்டிட்ட ஒளிப்பான். பெறவு அவனே அவன்ட்ட ஒளிப்பான். அதுக்குப் பெறவு பிடிக்கப் பற்றாது" என்றார் பிள்ளை. பற்றாது என்றால் முடியாது.

ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். சாயக்கடையில் டீ குடித்துக்கொண்டு இருப்பவர்கள் கேலி செய்வார்கள், ஆனால் நடக்கிறவன் காதில் விழாமல். உள்ளூர் போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். சாராயக் கேசில் தேடிக்கொண்டிருந்த ஒருவன் செவ்வாய்க்கிழமை நடந்து வந்தபோது, அவர் திரும்பி நின்று பீடி பற்றவைத்தார். அவன் அரிசிக்கடையைத் தாண்டிய பிறகுதான் விரட்டினார். நான் இதைக் கண்ணால் பார்த்தவன். செவ்வாய்க்கிழமை நடக்கிறவனை உலகத்தில் யாரும் தொட மாட்டார்கள் என்று எனக்குள் உறைந்து போயிருந்தது.

நான் எழுத வந்த காரியம் எல்லைப் போராட்டம் சூடு பிடித்த வருஷங்களில் நடந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், கடையடைப்பு. எங்கள் முதலாளிக்கு எந்தப் பக்கம் என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. நான் ஒரு ஊர்வலத்தில் நடந்தேன். பிரிவு நடந்த காலோடு அதிலும் நடந்ததால் அடுத்த ஊர்வலத்துக்குப் போகவில்லை.

செங்கல் என்ற ஊருக்குப் போகும் வழியில் செல்லையன் என்று ஒரு தையற்காரன் இருந்தான். என்னைவிட மூன்று நாலு வயசு இளையவன். மாமனார் வாங்கிக் கொடுத்த மெஷீன் ஒன்று. மனைவி பொன்னம்மை பட்டன் தைப்பாள், ஓரம் அடிப்பாள். கூட்டத்துக்குக் கூட்டம் கொடி வேண்டியிருந்தது. போராட்டக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்து தைக்கச் சொன்னார். செல்லையன் எங்கள் கடையில் துணியைக் கடனாக எடுத்து ராப்பகலாகத் தைத்துக் கொடுத்தான். காசு கொடுப்பதற்கு முன்னால் கமிட்டிக்காரரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். கொடியும் போயிற்று. துணிக் கடன் நூற்றுப்பத்து ரூபாய் அவன் தலையில் நின்றது. கொடி தைத்த நாளில் வேறு தையல் எடுக்காததால் அரிசிக்கடையில் நாற்பத்திரண்டு. பால் கொடுக்கிற காளியம்மையிடம் கைமாற்றாக வாங்கியது பதினெட்டு.

பாயில் உட்கார்ந்து இருபத்தெட்டு கொட்டை எண்ணி வைத்தான். அரிசிக்கு எட்டு மட்டும் பிரித்துவிட்டு மீதி எல்லாவற்றையும் கடன் பக்கம் தள்ளினான்.

பிள்ளை கண்ணாடி வழியாகப் பார்த்தார். "வீட்ல எத்தன பேரு?"

"நாலு."

"எட்டு கொட்டைக்கு நாலு பேரு எத்தன நாளு திம்பிய?"

அவன் அந்த எட்டையும் மறுபடி எண்ணினான்.

"எலே, தின்னாம கடன் கெட்டுன ஒருத்தனையும் நான் ரெண்டு மாசத்துக்கு மேல பாத்ததில்ல. மாத்தி வையி."

மாற்றி வைத்தான். அரிசிக்குப் பதினெட்டு. எண்ணெய் விறகுக்கு இரண்டு. நூலுக்கும் ஊசிக்கும் இரண்டு. மீதி ஆறு. காளியம்மைக்கு ஒன்று, அரிசிக்கடைக்கு இரண்டு, எங்களுக்கு மூன்று. காளியம்மை அந்த ஒற்றைக் கொட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத வறுத்தா தின்னலாம். பைசாவ எப்பம் பாக்கியது?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். செல்லையனும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அரிசிக்கடைக்காரர் குஞ்ஞன் மலையாளத்துக்காரர். மோசமான ஆள் இல்லை. "மெஷீன் இருக்கும் வரைக்கும் எனக்குப் பேடி இல்ல" என்றார். பயம் இல்லை என்றார். ஆனால் மெஷீன் என்ற சொல்லை அவர்தான் முதலில் சொன்னார்.

நாலு மாதம் செல்லையன் தவறாமல் நடந்தான். வெள்ளைச் சட்டை, கையில் குடை. எங்கள் கடையில் ஒன்றரை ரூபாயை வைத்துவிட்டு, நிற்காமல் அரிசிக்கடை வரை போய்த் திரும்புவான்.

அப்புறம் தெற்கே வெடி நடந்தது. போலீஸ் சுட்டதைத்தான் அப்படிச் சொல்வோம். அதற்குப் பிறகு இங்கேயும் பிடிக்கத் தொடங்கினார்கள். கொடி தைத்தவன் பெயரும் லிஸ்டில் உண்டு என்று பேச்சு வந்தது. செல்லையன் அம்பூரிப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்யும் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டான். எங்கள் தெருவின் வடக்கு முனையில் ஒரு போலீஸ் வேன் வந்து நின்றது. வெளியூர் ஆட்கள். ஒரு முகமும் எங்களுக்குத் தெரியாது.

அந்தச் செவ்வாய் நடை தவறியது. பொன்னம்மை பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் பங்கை எடுத்துக்கொண்டு அரிசிக்கடைக்குப் போனேன்.

"பைசா கிட்டி. ஆளு எங்க வேலப்பா?" என்றார் குஞ்ஞன்.

"வருவான்."

"அவன் வரமாட்டான். மெஷீனத் தூக்கிட்டு நாரோயில் போவான். நாளைக்கு எல்லை மாறிட்டா நான் யாருட்ட போய்க் கேப்பேன்? ஒரு ஸ்டேட்டுலேருந்து மறு ஸ்டேட்டுக்கு அரிக்கடன் கேட்டுப் போவப் பற்றுமா, நீ சொல்லு."

அவருடைய கடைப் பலகையில் அதற்கு முந்தைய வாரம் யாரோ கல்லெறிந்திருந்தார்கள். பலகையின் ஒரு மூலை உடைந்து தொங்கியது. அதைக் காட்டவில்லை. அதன் கீழே நின்றுதான் பேசினார்.

"அடுத்த செவ்வாயும் வரலைன்னா ஒத்துதீர்ப்பு தீந்து. மெஷீன நான் எடுக்கும்" என்றார்.

அவர் சொன்னது முறைப்படி சரி.

ஈசுரபிள்ளை அப்போது ஊரில் இல்லை. கண் ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரத்துக்குப் போயிருந்தார். மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கடைச் சாவி என்னிடம். முடிவு சொல்ல வேண்டியவனும் நான்.

வெள்ளிக்கிழமை பொன்னம்மை கடைக்கு வந்தாள். வாசல்படிக்குக் கீழே நின்றாள்.

"அண்ணே, அவருக்குப் பதிலா நான் நடந்தா பற்றாதா?"

"கொட்டை பிரிச்சவன் நடக்கணும். அதாக்கும் முறை" என்றேன்.

"பைசா நான் தான கொண்டு வாறேன்."

"பைசா யாரு வேணும்னாலும் கொண்டு வரலாம். நடை வேற."

அவள் வேனைத் திரும்பிப் பார்த்தாள். "அங்க நிக்கியவங்களுக்கு முறை தெரியுமா அண்ணே?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "செவ்வாக்கிழமை நடையில யாரும் ஒண்ணும் செய்யமாட்டாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்பூரிக்கு நடந்தேன். போய்ச் சேரும்போது மத்தியானம். செல்லையன் ரப்பர் மரத்தடியில் பால் சிரட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். கை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் எழுந்து வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"மொதலாளி விசாரிச்சாரா?" என்றான். கேலி மாதிரித்தான் கேட்டான்.

குஞ்ஞன் சொன்னதைச் சொன்னேன். மெஷீனை எடுப்பார் என்றேன். அவன் கழுவிய சிரட்டை ஒன்றை எடுத்து மரத்தடியில் கவிழ்த்து வைத்தான்.

"மெஷீன் போனா அவளும் பிள்ளைகளும் என்னத்தத் திம்பாங்க?"

"அதுக்குத்தான் வந்தேன்."

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கேன், நேராச் சொல்லணும். வரவா, வேண்டாமா?"

நேராகத்தான் சொன்னேன்.

"வா."

அதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. மச்சினன் மனைவி மரச்சீனிக்கிழங்கு தந்தாள். தின்றுவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை சந்தையில் கூட்டம் குறைவு. பத்தரை மணி இருக்கும். செல்லையன் தெற்கே லாரி நிற்கும் இடத்தில் தெரிந்தான். அதே வெள்ளைச் சட்டை. குடை இல்லை. காளியம்மை பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அவன் எங்கள் கடைக்கு வந்து ஒன்றரை ரூபாயை வைத்தான். நான் எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து அரிசிக்கடைக்கு நாற்பது எட்டு வைக்கும் தூரம் இருக்கும். கடைசி கொஞ்ச தூரத்தில் வேனிலிருந்து ஒருவர் இறங்கினார்.

"நில்லடா. பேரெந்தா?"

வேறு ஏதாவது பெயர் சொல்லியிருக்கலாம். அந்த ஆளுக்கு அவனைத் தெரியாது. ஆனால் நடையில் ஒளிக்கக் கூடாது.

"செல்லையன். தையல்" என்றான்.

அந்த ஆள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். அடித்தது தெருவில் இல்லை. வேனுக்குள் ஏற்றிய பிறகு. வேன் ஆடியது. குஞ்ஞன் கடைக்குள்ளிருந்து ஓடி வந்து, "சாரே, அவன் நடைக்கு வந்ந ஆளாணு, நடைக்கு வந்ந ஆளாணு" என்று கத்தினார். அவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. ஒருவர் அவரைப் பிடித்துத் தள்ளினார். அரிசி மூட்டையில் போய் விழுந்தார்.

நான் கடை வாசலில் நின்றேன். கையில் அந்த ஒன்றரை ரூபாய் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை யாரும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. பதினொரு மணிக்குப் பொன்னம்மை தெற்கு முனையில் வந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். தலை குனியவில்லை. எங்கள் கடையில் நாலு நாலணாவை வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேனைத் தாண்டி, அரிசிக்கடை வரை போய்த் திரும்பி வந்தாள். குஞ்ஞன் எழுந்து நின்றார். அவள் போகும் வரை உட்காரவில்லை.

முறை மாறிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்னாலேயே மாறியிருக்கலாம்.

பிள்ளை ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ நடக்கட்டுமான்னு கேட்டாளா?"

"கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"முறையச் சொன்னேன்."

"முறைய உண்டாக்குனது நானாக்கும். மாத்தவும் எனக்குப் பற்றும். என்ட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கலாமே."

"பஸ் ஓடல்ல மொதலாளி. கடையடைப்பு."

"நடந்து வந்திருக்கலாம்" என்றார். "நீ நடக்கியவன் தான."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை. அம்பூரிக்கு நடந்தேன். திருவனந்தபுரத்துக்கு நடக்கவில்லை. இரண்டுக்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான்.

அந்த வாரம் பிள்ளை பொன்னம்மையைக் கூப்பிட்டு, "இனி நடை வேண்டாம் மக்கா. பைசா இருக்கும்பம் கொடுத்து விடு, மதி" என்றார். மதி என்றால் போதும்.

அவள் சொன்னாள்: "நடை இனி எனக்குள்ளதாக்கும். அத நிறுத்த மொதலாளிக்குப் பற்றாது."

பிள்ளை தலையை ஆட்டினார். தன்னுடைய மூன்று கொட்டையில் ஒன்றைக் காளியம்மை பங்குக்கும் ஒன்றைக் குஞ்ஞன் பங்குக்கும் தள்ளி வைத்தார். அவரால் முடிந்தது அது. கடனைத் தள்ளுபடி செய்வார் என்று நான் நினைத்தேன். செய்யவில்லை. செய்திருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள் என்று பிறகு தோன்றியது.

ஐந்து மாதம் கழித்துச் செல்லையனை விட்டார்கள். கேஸ் நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் மடங்காது. கத்தரி பிடிக்க வராது. மெஷீனை மிதிக்க முடிந்தது. பொன்னம்மை துணி வெட்டப் படித்தாள். அவள் வெட்ட, அவன் மிதித்தான். முதலில் தைத்த ஜம்பர் ரவிக்கைகளில் கை ஒன்று பெரிதும் ஒன்று சின்னதுமாக இருந்தன. காளியம்மை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். "எனக்குக் கையும் அப்பிடித்தான் பிள்ளே" என்று கேட்டவர்களிடம் சொன்னாள்.

செல்லையன் அதற்குப் பிறகு தெருவுக்கு வரவில்லை. பொன்னம்மைதான் நடந்தாள். மழையில் நடந்தாள். கடைசிப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு நடந்தாள். என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. பணத்தைப் பலகைமேல் வைப்பாள். என் கையில் வைக்க மாட்டாள். காளியம்மை கடன் முதலில் தீர்ந்தது. பிறகு குஞ்ஞன் கடன். அதற்கிடையில் எல்லையும் வந்தது. தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போயின. நாங்கள் கேரளத்தில் நின்றோம். குஞ்ஞன் பயந்தபடி யாரும் மெஷீனைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டவில்லை.

எங்கள் கடனில் கடைசித் தவணையை வைத்த அன்றைக்கும் அவள் அரிசிக்கடை வரை நடந்தாள். முறைப்படி அதற்கு அவசியம் இல்லை. குஞ்ஞன் எழுந்து நின்று சொன்னார்.

"பொன்னம்மே, இனி அரி எப்பம் வேணும்னாலும் எடுத்துக்கோ. பைசா பெறவு மதி."

"உங்க கடையில அரிக்கு வெல கூடுதலாக்கும்" என்றாள் அவள்.

சாயக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குஞ்ஞனும் சிரித்தார். அவள் தெரு வழியாகத் திரும்பி வரவில்லை. அரிசிக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் இறங்கிக் குளக்கரை வழியாகப் போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவளை நான் பார்த்ததில்லை. உப்பு வாங்க வேண்டுமென்றாலும் குளக்கரை வழியாக அடுத்த முக்குக்குப் போவாள். கடன் உள்ள வரை தெருவில் நடந்தவள், கடன் தீர்ந்த பிறகு பின்வழியில் நடந்தாள்.

நான் இன்னும் இருபத்தாறு வருஷம் பிரிவு நடந்தேன். பிள்ளை இறந்து மகன் வந்தார். ஒத்துதீர்ப்புகள் நடந்தன. நடையும் நடந்தது. நான் ஒன்றை மட்டும் மாற்றினேன். யாரையும் வா என்று சொல்லும் முன்பு, தெற்கு முனையிலிருந்து அரிசிக்கடை வரை நான் ஒரு தடவை நடப்பேன். எங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன். தெரியாத முகம் இருந்தால் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்புவேன். யார் அனுமதியும் கேட்டதில்லை. இதுதான் நான் படித்த தொழில். செயலாளர் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற வருஷம் ஒருநாள் குளக்கரை வழியில் போனேன். ஏன் அந்த வழியில் போனேன் என்று கேட்டால், அதற்குப் பல வருஷம் முன்னாலேயே வேலை இல்லாத நாட்களில் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தேன். எதிரே பொன்னம்மை வந்தாள். தலை நரைத்திருந்தது. தைத்த துணிக்கட்டு ஒன்று இடுப்பில். வழி ஒடுக்கம். ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போகலாம்.

நின்றாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த வழியில கடங்காரங்க மட்டுந்தான் போவாங்கன்னு உங்க மொதலாளி சொல்லுவாரு."

"ஆமா."

"நான் தீத்தாச்சு. அண்ணன் எதுக்கு இந்த வழி?"

நான் குளத்துப் பக்கம் ஒதுங்கி நின்றேன். அவள் போனாள்.